பாஸ் வளைகோடும் மண்டியாவின் இரு பயிர்களும்

தமிழ் வைணவர் திருநாராயணபுரம் என்று போற்றும் மேல்கோட்டை, இராமானுசர் வழியாக ஒரு சமயநெறி பரவிய வரலாற்றில் இடம்பெற்ற ஊர். அம்மலைக்குத் தென்கிழக்கே விரியும் மண்டியாச் சமவெளியோ வேறொரு பரவலின் களம். புதுப்பொருள் ஒன்று எவ்வளவு விரைவில் மக்களிடம் பரவும் என்று கணிக்க முயல்வோர் அவசியம் அறிய வேண்டிய வரலாறு அங்கு உள்ளது.

இத்தகைய கணிப்புக்கு இன்றும் அடிப்படையாக விளங்குவது ஃபிராங்க் பாஸ் 1969இல் வெளியிட்ட மாதிரி. விளம்பரம் முதலிய புறத்தூண்டல், முன்னரே ஏற்றவரைக் கண்டு பின்பற்றுதல், சந்தையின் மொத்தக் கொள்ளளவு ஆகிய மூன்று எண்களால் அது விற்பனையின் ஏற்றத்தையும் உச்சத்தையும் கணக்கிடுகிறது. இச்சிந்தனைக்கு முன்னோடியாக, அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோளம் பரவியதைப் பற்றி ரையனும் கிராஸும் செய்த ஆய்வு 1943இல் வெளிவந்தது. அதில் ஆராயப்பட்ட 259 உழவருள் 257 பேர் அவ்விதையை ஏற்றிருந்தனர். அண்டைவீட்டார் வயலைக் கண்டு தாமும் ஏற்பது என்னும் கருத்து இத்துறையில் அப்படித்தான் வேரூன்றியது.

இனி மண்டியாவுக்கு வருவோம். கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து வந்த இர்வின் கால்வாய் (பின்னாளில் விசுவேசுவரய்யா கால்வாய்) 1930களில் இவ்வட்டாரத்துக்கு நீர் தந்தது. 1933இல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி அமைந்தது. மானிடவியலாளர் ஸ்கார்லெட் எப்ஸ்டைன் 1950களின் நடுவில் இங்கே களப்பணி செய்து, 1962இல் தம் நூலை வெளியிட்டார். ‘வங்கலா’ என்று அவர் புனைபெயரிட்ட பாசன ஊரில் இரு புதுமைகள் வந்தன. ஒன்று கரும்பு, மற்றொன்று ஜப்பானிய முறை நெல் நடவு.

கரும்பு வேரூன்றியது. நடவு முறை தோற்றது. இத்தனைக்கும் அம்முறையை முயன்று பார்த்த உழவர் நல்ல விளைச்சலே கண்டார். ஆயினும் அடுத்த பருவத்தில் பழைய முறைக்கே திரும்பினார். அண்டையாரும் அவரைப் பின்பற்றவில்லை.

காரணம் அறியாமையன்று. நெல் வேளாண்மை பரம்பரை உறவுகளால் கட்டப்பட்டிருந்தது. வழிவழியாக உழைத்த தலித் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் களத்தில் அளக்கப்பட்ட தவசம், விளைச்சல் கூடினும் குறையினும் மாறாதது. வரிசை நடவும் கூடுதல் களையெடுப்பும் உழைப்பை மிகுத்தன. ஆனால் மிகுந்த விளைச்சலில் உழைத்தவருக்கு மரபுவழிப் பங்கு இல்லை. தமக்குப் பயனில்லாத உழைப்பை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்? கரும்போ கால்வாயோடு வந்த பயிர். அதற்கென்று பழைய அளவை எதுவும் இல்லை. கூலி பணமாகக் கொடுக்கப்பட்டது. விளைந்ததை வாங்க ஆலை காத்திருந்தது.

இதனைப் பாஸ் மாதிரியின் முன் வைத்துப் பாருங்கள். அதன் அடிப்படை வடிவத்தில் ஒருமுறை ஏற்றவர் விலகுவதில்லை. வெற்றி கண்ணுக்குத் தெரிந்தால் பின்பற்றல் பெருகும். வங்கலாவில் வெற்றி தெரிந்தது, பின்பற்றல் நிகழவில்லை. கரும்பின் ‘சந்தைக் கொள்ளளவு’ம் உழவரின் விருப்பத்தால் மட்டும் அமைந்ததன்று, கால்வாய் எட்டும் எல்லையும் ஆலையின் அரவைத் திறனும் அதற்கு வரம்பிட்டன. மேட்டு நிலத்து உழவர் எவ்வளவு விரும்பினாலும் நீர் மேடேறி வராது.

பாஸின் சமன்பாடு பயனற்றது என்பது என் வாதமன்று. பரவி நிலைபெற்ற பொருள்களின் தரவுகளே நமக்குப் பெரிதும் கிடைக்கின்றன. அவற்றில் வளைகோடு அழகாகப் பொருந்துகிறது. ஒரு பருவத்தோடு மறைந்த நடவு முறை எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஆகவே, கணிப்பில் ஈடுபடும் மாணவர்கள் எண்களைப் பொருத்துவதற்கு முன் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: இப்புதுமையால் யாருடைய உழைப்பு கூடுகிறது, அதன் பலன் யாரைச் சேர்கிறது? வாங்குபவரை மட்டும் எண்ணும் மாதிரிக்குள் இக்கேள்வி எழுவதில்லை. வங்கலாவின் நெல்வயலில் முடிவைத் தீர்மானித்தது அதுவே.