நின்றுபோன தடுப்பூசியும் பரவிய தட்டம்மையும்: சமோவா, 2018–2019

சமோவா ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் வாழும் பசிபிக் தீவு நாடு. அங்கு 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தட்டம்மைக் கொள்ளைநோய் 5,700க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 83 உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். தடுப்பூசி மீது மக்கள் கொண்ட அச்சமே இந்த இழப்புக்குக் காரணம் என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. அச்சம் இருந்தது உண்மைதான். ஆனால் அச்சம் தோன்றுவதற்கு முன்பே தடுப்பூசித் திட்டத்தில் பெரும் இடைவெளி இருந்தது. அச்சம் தோன்றிய பின்னர்த் திட்டம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. அந்நாள்களில் விடுபட்ட குழந்தைகள் உரிய காலத்தில் தேடிச் சேர்க்கப்படவில்லை. மக்களின் மனநிலையைவிடச் சேவையில் ஏற்பட்ட இந்த முறிவே பேரிடருக்கு முதன்மைக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் இயல்பு

தொற்றுநோய்களுள் மிக எளிதில் பரவுவது தட்டம்மை. எதிர்ப்பாற்றல் அற்ற மக்களிடையே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைத் தரக்கூடும். நோயாளி இருமிவிட்டு வெளியேறிய அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கும். உடலில் சிவந்த தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நோயாளியை அடையாளம் கண்டு தனிமைப்படுத்துவதால் மட்டும் பரவலைத் தடுக்க இயலாது.

மக்களில் 95 விழுக்காட்டினர் இரண்டு தவணைத் தடுப்பூசி பெற்றிருந்தால்தான் தொற்றுச் சங்கிலி அறுபடும். பன்னிரண்டு மாதக் குழந்தைக்குச் செலுத்தப்படும் முதல் தவணை ஏறத்தாழ 93 விழுக்காடு பாதுகாப்பையும், இரண்டாம் தவணை 97 விழுக்காடு பாதுகாப்பையும் தருகின்றன. தாயிடமிருந்து பெறும் எதிர்ப்பாற்றல் குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது. அது தேய்வதற்கும் தடுப்பூசி பெறுவதற்கும் இடைப்பட்ட பருவத்தில் குழந்தையைக் காப்பது சுற்றியுள்ளோரின் எதிர்ப்பாற்றல் ஒன்றே.

தட்டம்மையால் நேரும் மரணங்களுக்கு நுரையீரல் அழற்சி, கடும் வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி ஆகியவை முக்கியக் காரணங்கள். நோயிலிருந்து மீண்ட குழந்தையும் முழுமையாக மீள்வதில்லை. வேறு நோய்களுக்கு எதிராக உடல் முன்பு சேர்த்துவைத்த எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது என்பதை 2019இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

2018 ஜூலை நிகழ்வு

சமோவாவின் இரு பெரிய தீவுகளுள் ஒன்றான சவாயியில் 2018 ஜூலை 6 அன்று, ஒரு வயதுக் குழந்தைகள் இருவர் எம்எம்ஆர் தடுப்பூசி செலுத்தப்பட்ட சிறிது நேரத்திலேயே இறந்தனர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் எதிரான இந்தத் தடுப்பு மருந்து உறைய வைத்து உலர்த்தப்பட்ட தூளாகச் சிறு குப்பியில் வருகிறது. அதனுடன் வரும் இன்னொரு குப்பியிலுள்ள கரைப்பு நீரைச் செவிலியர் ஊசிக்குழலில் உறிஞ்சி, தூள் இருக்கும் குப்பிக்குள் செலுத்திக் கலக்க வேண்டும். அவ்வாறு கலந்த மருந்தைக் குளிரில் வைத்து ஆறு மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். சவாயியில் கரைப்பு நீருக்குப் பதிலாகக் காலாவதியான மயக்க மருந்து கலக்கப்பட்டுவிட்டது. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் அம்மருந்து மூச்சை நிறுத்தவல்லது. தொடர்புடைய செவிலியர் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2019இல் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இத்தகைய பிழை உலகிற்குப் புதிதன்று. சிரியாவின் இத்லிப் பகுதியில் 2014 செப்டம்பரில் இதே வகைத் தசைத்தளர்வு மருந்து தட்டம்மைத் தடுப்பூசியுடன் கலக்கப்பட்டதால் 15 குழந்தைகள் இறந்தனர். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் வேறு மருந்துகளை வைக்கக் கூடாது, தடுப்பூசியுடன் வந்த கரைப்பு நீரையே பயன்படுத்த வேண்டும் என்ற விதிகள் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இடம்பெற்றவை. விதி எழுதப்பட்டிருந்தும் கடைநிலை மருத்துவமனையின் குளிர்பெட்டி வரை அது சென்று சேரவில்லை. தனிமனிதரின் கவனக்குறைவைத் தண்டித்ததோடு நிறுத்திக்கொண்டால், அந்தக் கவனக்குறைவு உயிரைப் பறிக்கும் அளவுக்கு இடங்கொடுத்த அமைப்பு மாறாமலே இருந்துவிடும்.

எண்கள் காட்டுவது

குழந்தைகள் இறந்ததும் அரசு எம்எம்ஆர் தடுப்பூசியை நாடு முழுவதும் நிறுத்தியது. ஒரு மரணத்தின் காரணம் தெரியும் வரை ஐயத்திற்குரிய மருந்தை நிறுத்தி வைப்பது முறையே. அதில் தவறு காண இயலாது. ஆனால் நிறுத்தம் ஏறத்தாழ பத்து மாதங்கள் நீடித்தது. மருந்து நல்லது, கலந்த விதமே தவறு என்ற உண்மையைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய காலத்தில், நீடித்த நிறுத்தமே மருந்து நஞ்சு என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. தடுப்பூசிக்கு எதிரான பரப்புரை இந்த வெற்றிடத்தில்தான் வேரூன்றியது.

முதல் தவணை பெற்ற குழந்தைகளின் விகிதம் 2017இல் 74 விழுக்காடு என மதிப்பிடப்பட்டிருந்தது. 2018இல் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய நிலைக்கு வீழ்ந்தது. இந்த வீழ்ச்சி கண்ணைப் பறிப்பதால் 74 என்ற எண் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. அதுவே தேவையான அளவுக்கு இருபது விழுக்காட்டிற்கும் மேல் குறைவு.

ஒரு விளக்கக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஆண்டுக்கு 5,000 குழந்தைகள் பிறப்பதாகக் கொள்வோம். 74 விழுக்காட்டினர் ஒரு தவணை பெற்றால் 1,300 குழந்தைகள் விடுபடுவர். தடுப்பூசி பெற்றும் பலன் கிட்டாதோர் ஏறத்தாழ 260 பேர். ஆக, ஆண்டுதோறும் 1,560 குழந்தைகள் பாதுகாப்பின்றி வளர்வர். இரண்டாம் தவணையும் இதே போலத் தவறினால் நான்கு ஆண்டுகளில் இத்தொகை 6,200ஐத் தாண்டும். மூன்றில் ஒரு பங்கினரே தடுப்பூசி பெற்ற ஆண்டில் பாதுகாப்பற்றோர் ஏறத்தாழ 3,450 பேர். அதாவது ‘ஓரளவு நன்றாக’ நடந்த ஆண்டுகளின் மொத்த மிச்சம், மோசமான ஓர் ஆண்டின் மிச்சத்தைவிடப் பெரிது. 2018இன் நிறுத்தம் தனக்கே உரிய கேட்டையும் சேர்த்தது: நோய் வந்தால் இறக்கும் வாய்ப்பு மிகுந்த சின்னஞ்சிறு குழந்தைகளை அது முற்றிலும் பாதுகாப்பின்றி விட்டது.

ஒரே வைரஸ், மூன்று நாடுகள்

2019இல் நியூசிலாந்தில் 2,000க்கும் மேற்பட்டோரைத் தட்டம்மை தாக்கியது. ஆக்லாந்து நகரின் பசிபிக் தீவுச் சமூகத்தினர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அந்நகருக்கும் தீவு நாடுகளுக்கும் இடையே உறவினர்களும் மாணவர்களும் விளையாட்டு அணிகளும் ஓயாமல் வந்துபோவதால், வைரஸ் பல தீவுகளை எட்டியது. டோங்காவில் நியூசிலாந்து சென்று திரும்பிய பள்ளி ரக்பி அணியிடமிருந்து பரவல் தொடங்கியது. பிஜியையும் நோய் தொட்டது.

விளைவுகள் பெரிதும் மாறுபட்டன. டோங்காவில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், ஒருவரும் இறக்கவில்லை. பிஜியில் நோயுற்றோர் முப்பதுக்கும் குறைவு. அங்கும் மரணம் இல்லை. இரு நாடுகளிலும் குழந்தைத் தடுப்பூசி விகிதம் சமோவாவைவிட மிக உயர்ந்திருந்தது. சமோவாவில் நோயுற்ற நூற்றுவரில் ஒருவர் அல்லது இருவர் இறந்தனர். அதே விகிதம் டோங்காவில் நிலவியிருந்தால் அங்கும் சிலர் இறந்திருக்க வேண்டும். டோங்காவில் நோயுற்றோருள் மிகுதியானோர் பதின்பருவத்தினரும் இளைஞருமே. கைக்குழந்தைகளைத் தடுப்பூசி காத்துவிட்டது. காலநிலை, பண்பாடு, பொருளாதாரம் ஆகியவற்றில் நெருங்கிய உறவுடைய நாடுகளிடையே இத்துணை வேறுபாடு தோன்றியதற்கு முதன்மைக் காரணம் தடுப்பூசியின் பரப்பே.

வீடு தேடிச் சென்ற ஊசி

நவம்பர் 15 அன்று சமோவா அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன, தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களில் அரசு அலுவலகங்களும் கடைகளும் மூடப்பட்டுச் சாலைகள் வெறிச்சோடின. தடுப்பூசி பெறாதோர் உள்ள வீட்டின் முன் சிவப்புத் துணியோ கொடியோ கட்டுமாறு குடும்பங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன. மரக்கிளையிலும் வாசற்கம்பத்திலும் தொங்கிய துணியைக் கண்டு நின்ற வாகனங்களிலிருந்து செவிலியர் குளிர்ப்பெட்டியுடன் இறங்கிச் சென்று வீட்டு வாசலிலேயே ஊசி போட்டனர். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் மருத்துவக் குழுக்களும் யுனிசெஃப் அனுப்பிய தடுப்பு மருந்தும் துணை நின்றன. மாத இறுதிக்குள் இலக்கு மக்களில் 95 விழுக்காட்டினர் தடுப்பூசி பெற்றதாக அரசு அறிவித்தது; டிசம்பர் 28 அன்று நெருக்கடி நிலை முடிவுக்கு வந்தது.

அச்சமே காரணம் என்ற விளக்கத்தின் போதாமை இங்குதான் புலப்படுகிறது. சட்டத்தின் கட்டாயமும் கண்முன் நிகழ்ந்த மரணங்களும் மக்கள் மனத்தை மாற்றின என்று கூறலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் துணியைக் கட்டியவர்கள் ஊசியை வரவேற்றவர்கள். அவர்களுள் பலரும் முன்பே மறுத்தவர்களாக இருந்திருக்கத் தேவையில்லை. பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, நெடுநேரக் காத்திருப்பு ஆகியவை குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடப் போதுமான காரணங்கள். சில வாரங்களில் எட்ட முடிந்த இலக்கு அதற்கு முன்னும் எட்டக்கூடியதாகவே இருந்தது.

கொள்கைக்கு உரியவை

சமோவா அனுபவத்திலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தடுப்பூசித் திட்டத்தின் நலத்தை அந்தந்த ஆண்டின் விழுக்காட்டால் மட்டும் அளக்கலாகாது. ஆண்டுதோறும் சேர்ந்துவரும் பாதுகாப்பற்ற குழந்தைகளின் தொகையையும் கணக்கிட்டு, அது ஓர் ஆண்டுப் பிறப்பு எண்ணிக்கையை எட்டுமுன் சிறப்பு முகாம் நடத்த வேண்டும். இரண்டாவது, தடுப்பூசிக்கும் அதன் கரைப்பு நீருக்கும் தனி இடம், தனிப் பதிவு, இருவர் சரிபார்ப்பு ஆகியவை சிற்றூர் மருத்துவமனையிலும் நடைமுறையாக வேண்டும். மூன்றாவது, விபத்து நேர்ந்தால் விசாரணைக்குக் காலக்கெடு வேண்டும். அதன் முடிவை மக்கள் மொழியில் அறிவித்து, நிறுத்தம் நீங்கிய அன்றே விடுபட்ட குழந்தைகளைப் பெயர்ப்பட்டியல் கொண்டு தேடத் தொடங்க வேண்டும். நான்காவது, வீடு தேடிச் செல்லும் முறை கொள்ளைநோய்க் காலத்திற்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. விடுபட்டோரைச் சேர்க்கும் வழக்கமான பணியாகவே அதற்கு நிதியும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் சிறிய, வருவாய் குறைந்த நாட்டின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. தட்டம்மைத் தடுப்பூசி மலிவானது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருப்பது. அதை ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய மாதத்தில், உரிய முறையில் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அரசுக்கு உரியது. பெற்றோரின் அச்சத்தைக் காரணம் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து அரசு விலக இயலாது.