மறியலுக்கும் மருந்துக்கும் இடையில்

எங்கட ஊரில ஒரு பெடியன் தூள் பாவிக்கிறான் எண்டு தெரிஞ்சா, சனத்தின்ர வாயில வாறது இரண்டு சொல்தான்: மறியல், இல்லாட்டிப் புனர்வாழ்வு முகாம். மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. வீட்டில் இருந்தபடி, வேலைக்குப் போய்க்கொண்டே, மருந்து எடுத்து வாழ்வது. அந்த வழி ஏன் அத்தனை காலம் பூட்டிக் கிடந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1914இல் ஹரிசன் சட்டம் வந்தது. அபினையும் மோர்பினையும் வைத்தியர்கள் தங்கள் தொழிலுக்காகக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் அடிமையானவருக்குத் தொடர்ந்து கொடுப்பது வைத்தியமே இல்லை என்று 1919இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நகரங்கள் நடத்திய சிகிச்சை நிலையங்களும் சில வருடங்களுக்குள் மூடப்பட்டன. நோயாளி குற்றவாளியானார்.

1935இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் அரசாங்கம் திறந்த வைத்தியசாலை பாதி மறியல்தான். போதையை இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானோர் திரும்பவும் பாவித்தார்கள்.

அங்கே வேலை செய்த மனநல வைத்தியர் மேரி நைஸ்வாண்டர், இவர்களை நோயாளிகளாகப் பார்க்கவேண்டும் என்று 1956இல் ஒரு புத்தகமே எழுதினார். 1964இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோலுடன் சேர்ந்தார். முதலில் மோர்பின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆக்கள் அடுத்த ஊசிக்காக மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெதடோன் கொடுத்தார்கள். ஒருநாளைக்கு ஒருதரம் குடித்தால் போதும். நடுக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. ஒருவர் படம் வரையத் தொடங்கினார், இன்னொருவர் படிக்கப் போகவேணும் எண்டார். 22 பேரின் கதை 1965இல் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது.

போதைக்குப் போதையா என்று கேட்பீர்கள். நீரிழிவுக்காரர் தினமும் இன்சுலின் போடுவதை நாங்கள் அடிமைத்தனம் என்று சொல்வதில்லையே.

ஆனாலும் பயம் போகவில்லை. 1972இல் வந்த விதிகள் மெதடோனைத் தனி நிலையங்களுக்குள் அடைத்தன. ஆக்கள் நாளாந்தம் வரிசையில் நின்றார்கள். பிரான்ஸ் வேறு மாதிரி யோசித்தது. 1996 முதல் சாதாரணக் குடும்ப வைத்தியரே புப்ரெனோர்பின் எழுதிக் கொடுத்தார், ஆக்கள் பாமசியில் வாங்கினார்கள். 1995க்கும் 1999க்கும் இடையில் அளவு மீறிப் பாவித்து இறப்பவர்களின் தொகை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டு மருந்துகளையும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது.

இந்த மருந்துகள் ஹெரோயின் போன்றவற்றுக்குத்தான், ஐஸுக்கு உதவாது. அதையும் சொல்லத்தான் வேணும்.

இன்னொன்று. சில மாதம் அடைத்து வைத்தால் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியில் வந்து பழைய அளவையே எடுப்பவர் செத்துப்போகலாம். ‘திருந்தி வந்தவன் திரும்பவும் கெட்டுப்போனான்’ எண்டு செத்த வீட்டில கதைக்கிற நாங்கள், அவனுக்கு வெறும் தண்டனையை மட்டும்தானே கொடுத்தோம் என்பதையும் ஒருக்கா யோசிக்கவேணும்.