மர்ரம்பிட்ஜிப் படுகையில் ஓர் ஊர்: கண்டகை வெள்ளமும் (1852) அதன் நினைவும்

ஆற்றங்கரை ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆற்றின் கொடையிலிருந்தே தொடங்குவர். நீர், வயல், துறை, வணிகம் என அவ்வரலாறு விரியும். நாம் இங்கு எடுத்துக்கொண்ட ஊரின் வரலாற்றையோ, ஆறு அதனை அழித்த ஓர் இரவிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மர்ரம்பிட்ஜி ஆற்றின் கரையில் அமைந்துள்ள அச்சிற்றூரில் இன்று வாழ்வோர் ஏறத்தாழ ஈராயிரவரே. ஒரு ஜூன் மாதத்தில் அங்குச் சென்று தங்கிக் கண்டவற்றையும், அவ்வூர் வரலாறு குறித்து அறிந்தவற்றையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்துகளில் கண்டு 'குண்டகாய்' என்றே நாம் நெடுநாள் படித்து வந்தோம். அவ்வூரார் வாயில் அது 'கண்டகை' என்று ஒலிப்பதைக் கேட்ட பின்னரே திருத்திக்கொண்டோம். ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் அம்மண்ணின் தொல்குடியினரான விராட்ஜுரி மக்களின் மொழியிலிருந்து வந்தவை. மர்ரம்பிட்ஜி என்பதற்குப் 'பெருநீர்' எனப் பொருள் கூறுவர். கோடையில் அவ்வாற்றைக் காண்பவர்க்கு இப்பெயர் மிகையாகத் தோன்றக்கூடும். பெயரிட்டவர்கள் ஒரு பருவத்தை மட்டும் பார்த்துப் பெயரிட்டவர்கள் அல்லர்.

படுகையில் மனை பிரித்த கதை

1824இல் ஹியூம், ஹோவல் இருவரும் இப்பகுதியைக் கடந்து தெற்கே சென்றனர். 1829இல் சார்ல்ஸ் ஸ்டர்ட் இவ்வாற்றைப் பின்பற்றிப் பயணம் செய்தார். அவர்களுக்குப் பின் ஆடுமாடுகளோடு குடியேறிகள் வந்தனர். சிட்னிக்கும் இன்றைய மெல்போர்ன் பகுதிக்கும் இடையிலான வழி, ஆற்றை இறங்கிக் கடக்கத்தக்க ஓரிடத்தில் இங்கு வந்து கூடியது. கடவு உள்ள இடத்தில் விடுதி வரும். விடுதியை அடுத்துக் கொல்லன் பட்டறையும் கடைகளும் வரும். 1838இல் அரசு இதனை முறையான ஊராக அறிவித்து மனைகளை அளந்து விற்றது.

அளந்த இடம் எது என்பதில்தான் வரலாறு தங்கியுள்ளது. ஒரு பக்கம் மர்ரம்பிட்ஜி, மறுபக்கம் மார்லி ஓடை. இரண்டிற்கும் இடைப்பட்ட தாழ்ந்த, சமதளமான படுகை நிலம். நீர் பெருகினால் முதலில் ஓடை நிறைந்து மேட்டுநிலத்திற்குச் செல்லும் வழியைத் துண்டிக்கும். அதன்பின் ஆறு கரையை மீறும். அந்நிலையில் ஊர் தீவாகிவிடும். இதனை அறிவதற்குப் பெரும் கல்வி வேண்டியதில்லை. அங்கே சில தலைமுறை வாழ்ந்திருந்தால் போதும். அவ்வாறு வாழ்ந்திருந்த விராட்ஜுரி மக்கள் குடியேறிகளை எச்சரித்தனர் என்பது அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நில அளவையாளரின் வரைபடத்திலோ தெருக்கள் நேர்கோடுகளாக ஓடின.

1844இல் வந்த வெள்ளம் அவ்வெச்சரிக்கையின் மெய்ம்மையை ஓரளவு காட்டியது. குடியிருப்பாளர்கள், படுகை மனைகளுக்கு ஈடாக மேட்டுநிலத்தில் மனை வழங்குமாறு அரசுக்கு விண்ணப்பித்தனர். ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸின் அரசு அதனை ஏற்கவில்லை. ஆகவே 'அறியாமையால் நேர்ந்த அழிவு' என்று இதனைக் கூறிவிட முடியாது. அறிந்தும், கேட்டும், கோப்பில் பதிந்தும் ஊர் அங்கேயே இருந்தது. 1851இல் பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி பரவியதும் வழிப்போக்கர் கூட்டம் பெருகிற்று. ஆற்றங்கரை விடுதிகளுக்கும் கடைகளுக்கும் வருவாய் கூடிற்று. இடம்பெயர வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் எத்துணை வலுவிழந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1852 ஜூன் 24, 25

ஜூன் மாதம் அங்குக் குளிர்காலம் என்பதை நம் வாசகர்க்கு நினைவூட்டுதல் வேண்டும். நாம் தங்கியிருந்த நாள்களில் விடியற்காலையில் புல்லின்மீது வெண்பனி உறைந்திருந்தது. கையுறையின்றிக் குறிப்பேட்டில் எழுத இயலவில்லை. இக்குளிரில் நனைந்த உடையோடு ஒருவர் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு ஓரிரவு, ஒரு பகல், மீண்டும் ஓரிரவு இருந்தார் என்னும் செய்தியை நூலகத்தில் அமர்ந்து படிப்பது வேறு. அம்மரங்களின் கீழ் நின்று எண்ணிப்பார்ப்பது வேறு.

தொடர்மழைக்குப் பின் 24ஆம் நாள் ஆறு உயர்ந்தது. முந்தைய வெள்ளங்களைக் கண்டு பழகியவர்கள் பரண்களில் ஏறி, நீர் வடியும்வரை காத்திருக்கலாம் என்று கருதினர். அன்றிரவு நீரின் விசையைத் தாங்காமல் வீடுகளே பெயர்ந்து சென்றன. கூரைமேல் இருந்தவர்கள் கூரையோடு அடித்துச் செல்லப்பட்டனர். சிலர் ஆற்றோரத்துச் செங்கோந்து மரங்களின் கிளைகளைப் பற்றிக்கொண்டனர். ஏறத்தாழ 250 பேர் வாழ்ந்த அவ்வூரில் இறந்தோர் தொகை 78 முதல் 89 வரை எனப் பலவாறு பதிவாகியுள்ளது. ஆஸ்திரேலியாவின் எழுதப்பட்ட வரலாற்றில் இதைவிட மிகுந்த உயிர்களைக் கொண்ட வெள்ளம் வேறில்லை.

இவ்விரவிலும் அதனையடுத்த நாள்களிலும் விராட்ஜுரி ஆடவர் இருவர் செய்த செயலே கண்டகையின் பெயரை நம் கவனத்திற்குக் கொண்டுவந்தது. யாரி என்பவர் மரப்பட்டைத் தோணி ஒன்றில் மீண்டும் மீண்டும் சென்று 49 பேரைக் கரைசேர்த்தார் என்றும், ஜாக்கி ஜாக்கி என்பவர் படகொன்றில் 20 பேரை மீட்டார் என்றும் கூறப்படுகிறது. அவர்கள் இனத்தார் வேறு சிலரும் உடன் உழைத்தனர் என்பர். 69 பேர் என்பது அவ்வூரின் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டதாகும்.

தோணியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும். நின்றுகொண்டிருக்கும் மரத்தின் பட்டையைக் கோடரியால் நீள்வட்டமாக வெட்டி, முழு ஏடாகப் பெயர்த்தெடுத்து, நெருப்பில் வாட்டி வளைத்து, முனைகளைச் செப்பம் செய்வர். மரம் சாவதில்லை, தழும்பு மட்டும் நிற்கும். இத்தகைய தழும்பு மரங்கள் மர்ரே, மர்ரம்பிட்ஜிக் கரைகளில் இன்றும் காணப்படுகின்றன. ஆழமற்ற நீரிலும் மிதக்கும் அத்தோணியை நீண்ட கழியால் உந்திச் செலுத்துவர். சிறிய தோணியில் செலுத்துபவரைத் தவிர இன்னும் ஒருவர் அமரலாம்; இருவர் ஏறினால் கவிழ்ந்துவிடும் அச்சம் உண்டு. அவ்வாறாயின், 49 பேரை மீட்டல் என்பது மரத்தடிகளும் வீட்டுச் சிதைவுகளும் உருண்டோடும் வெள்ளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை சென்று திரும்புதல் என்று பொருள்படும். இருட்டிலும் சென்றனர். நீரோட்டத்தின் எந்த இழையில் தோணியை விட்டால் அது எந்த மரத்தருகே கொண்டுசெல்லும் என்னும் அறிவின்றி இது நிகழ்ந்திருக்க இயலாது. ஊரை எங்கே அமைக்கலாகாது என்று சொன்னதும் இதே அறிவுதான்.

யார் இவர்கள் என்னும் வினா

இம்மீட்பைப் புகழ்ந்து கூறுவோர் சிலர் அதனைக் 'கறுப்பர் வெள்ளையர் நட்பு' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். அது போதுமானதாக நமக்குத் தோன்றவில்லை. 1824இல் ஆளுநர் தாமஸ் பிரிஸ்பேன் விராட்ஜுரி நிலத்தின் பாதர்ஸ்ட் பகுதியில் படைச்சட்டத்தைப் பிறப்பித்தார். 1830களின் இறுதியில் இதே மர்ரம்பிட்ஜியின் கீழ்ப்பகுதியிலும் குடியேறிகளுக்கும் விராட்ஜுரி மக்களுக்கும் இடையே குருதி சிந்திய மோதல்கள் நிகழ்ந்தன. 1852இல் அவற்றை நேரில் அறிந்தவர்கள் உயிரோடு இருந்தனர். நிலத்தை இழந்தவர்கள், அந்நிலத்தில் வீடு கட்டியவர்களை மீட்டனர். ஏன் மீட்டனர் என்பதற்கு அவர்கள் கூற்றாக எழுத்துச் சான்று எதனையும் நாம் காணவில்லை. அவர்களைப் பற்றி எழுதியோர் அனைவரும் மீட்கப்பட்டோர் தரப்பினரே.

பெயர் பற்றிய செய்தியும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 'ஜாக்கி ஜாக்கி' என்பது தாய்தந்தையர் இட்ட பெயர் அன்று. குடியேறிகள் தொல்குடி ஆடவர் பலரையும் பொதுவாக அழைத்த பெயர். அறுபத்தொன்பது உயிர்களில் இருபதை மீட்டவருக்கு வரலாற்றில் நிலைத்தது அப்பொதுப்பெயரே. மலாயாத் தோட்டங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு இந்நிலை புதிதாக இராது. துரைமார் காதில் விழுந்தவாறும் அவர்கள் எழுத்துக்கூட்டியவாறும் எழுதப்பட்ட பெயர்களிலிருந்து ஒரு மனிதரைத் தேடி எடுக்கும் இடர்ப்பாட்டை நம் துறை மாணவர் நன்கறிவர்.

வெள்ளம் வடிந்தபின் இருவருக்கும் மார்புப் பட்டயம் அளிக்கப்பட்டது. பிறைவடிவிலான அப்பட்டயங்களை அக்காலக் குடியேறிகள் தமக்கு உதவிய, அல்லது தாம் 'தலைவர்' என ஏற்ற தொல்குடியினருக்கு அணிவிப்பது வழக்கம். அதில் மதிப்பும் உண்டு, உடைமையாளர் இடும் அடையாளத்தின் சாயலும் உண்டு. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கூறுதல் நேர்மையாகாது. ஊரார் எவரிடமும் ஆறு பென்னி கேட்டுப் பெறும் உரிமையும் அவர்களுக்கு வழங்கப்பட்டதாம். உயிருக்கு ஈடு ஆறு பென்னியா என்று நாம் இன்று வினவலாம். அதேவேளை, மீட்கப்பட்ட ஊரிலேயே யாரி பின்னாளில் துன்புறுத்தப்பட்டதாகவும் செய்தி உண்டு. அவர் 1880இல் இறந்தார்.

ஊர் இடம் மாறியது. 1853இல் முன்னதைவிட உயர்ந்த வெள்ளம் மீண்டும் வந்து, எஞ்சியிருந்த ஐயத்தையும் நீக்கியது. பார்னாசஸ் குன்றின் சரிவிலும் தென்கரை மேட்டிலும் புதிய தெருக்கள் எழுந்தன. எட்டாண்டுக்கு முன் விண்ணப்பத்தில் கேட்டது, ஏறத்தாழ எண்பது உயிர்களுக்குப்பின் கிடைத்தது. படுகையைக் கடக்க 1867இல் இளவரசர் ஆல்பிரட் பெயரால் இரும்புப் பாலமும், 1903இல் மரத்தாலான நெடிய தொடர்வண்டிப் பாலமும் அமைந்தன. பொறியியல் ஆர்வலர்க்கு அவை விருந்து. நமக்கு, படுகை எத்துணை அகலமானது என்பதைக் காட்டும் அளவுகோல்கள். தொடர்வண்டி இன்று இல்லை. நெடுஞ்சாலையும் 1977இல் ஊரை விட்டு விலகிச் சென்றுவிட்டது.

நாயும் மனிதரும்

ஆஸ்திரேலியரிடம் கண்டகை என்றால் பலரும் முதலில் கூறுவது வெள்ளத்தை அன்று, ஒரு நாயை. மாட்டுவண்டிக்காரன் ஒருவனது உணவுப்பெட்டிமேல் அமர்ந்து காவல் காத்த நாய் என்று நாட்டுப்புறப் பாடல் வழியே அது புகழ் பெற்றது. (பாடலின் பழைய வடிவத்தில் அந்நாய் பெட்டிமேல் செய்த செயல் வேறு. அதனை இவ்விதழில் எழுதுவதற்கில்லை.) ஊருக்கு வடக்கே ஐந்து மைல் தொலைவில், முன்னோடிக் குடியேறிகளின் நினைவாக, ஃபிராங்க் ருஸ்கோனி உருவாக்கிய அந்நாயின் வெண்கலச் சிலையை 1932 நவம்பரில் பிரதமர் ஜோசப் லயன்ஸ் திறந்துவைத்தார். அதற்குமுன் 1922இலேயே ஜாக் ஓஹேகனின் மெல்லிசைப் பாடல் ஒன்று இவ்வூர்ப் பெயரை நாடெங்கும் பரப்பியிருந்தது.

யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் ஊரின் முதன்மைத் தெருவாகிய ஷெரிடன் தெருவில் வெண்கலச் சிற்பம் எழுந்தது 2017இல். நாய்க்கும் இவர்களுக்கும் இடையில் 85 ஆண்டுகள். வெள்ளத்திற்கும் சிற்பத்திற்கும் இடையில் 165 ஆண்டுகள். இதனைக் கூறுவது நாயின்மேல் கொண்ட காழ்ப்பினால் அன்று. கதை மறக்கப்படவில்லை என்பதும் உண்மையே. மீட்கப்பட்டோரின் வழித்தோன்றல்களும் விராட்ஜுரிக் குடும்பங்களும் அதனைத் தத்தம் வீடுகளில் சொல்லியே வந்துள்ளனர். வீட்டில் வாழ்ந்த நினைவு தெருவுக்கு வர அத்துணைக் காலம் பிடித்தது. நெடுஞ்சாலையில் செல்வோர் நாய்ச்சிலை அருகே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு சென்றுவிடுகின்றனர். நாம் சென்றபோதும் அங்குக் கூட்டம் இருந்தது. ஷெரிடன் தெருவில், பட்டைத் தோணியோடு நிற்கும் இருவர் அருகே நம்மைத் தவிர ஒரு முதியவர் மட்டும் நின்றிருந்தார். பள்ளிப் பேரனுக்குத் தோணியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் பழைய ஊர் இருந்த இடத்திற்கு நடந்து சென்றோம். தெருக்களோ அடித்தளங்களோ கண்ணுக்குப் புலப்படவில்லை. புல்வெளியாகப் பரந்து கிடக்கிறது. மார்லி ஓடையைத் தாண்டும்போது நீர் கணுக்காலளவே இருந்தது. ஆற்றோரத்துச் செங்கோந்து மரங்கள் சிலவற்றின் அடிமரம் மூவர் கைகோத்தாலும் அணைக்கவியலாத பருமன் உடையது. அவை அவ்விரவில் அங்கு நின்றவையாக இருக்கலாம். மிதவை மரக்கட்டை ஒன்று நம் தலைக்கு மேலே, ஒரு கிளையின் கவட்டில் சிக்கி உலர்ந்திருந்தது. அது எந்த ஆண்டு வெள்ளத்தில் அங்கு வந்து தங்கியதோ!