ஒளிரும் கார்பன் நானோதுகள்கள்: வரலாறு

ஒளிரும் கார்பன் நானோதுகள்கள் என்பவை புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிவீசும், சுமார் 10 நானோமீட்டருக்கும் குறைந்த கார்பன் துகள்கள் ஆகும். 2004-இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் புகைக்கரியிலிருந்து கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தியபோது இவை தற்செயலாகக் கண்டறியப்பட்டன. 2006-இல் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கார்பன் புள்ளிகள்' எனப் பெயரிட்டனர். 2007-இல் மெழுகுவர்த்திப் புகைக்கரியிலிருந்தும் இவை பெறப்பட்டன.

விளக்குக் கரி தமிழருக்குப் புதிதன்று. திருவண்ணாமலையில் கார்த்திகை மகாதீபக் கொப்பரையில் படியும் மை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தப்பட்டுப் பக்தர்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படுகிறது. எனினும் புகைக்கரி அப்படியே ஒளிராது; நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, நுண்துகள்களைப் பிரித்த பின்னரே ஒளிரும்.

இத்துகள்களில் சில, கரைப்பானின் முனைவுத்தன்மை கூடும்போது நீண்ட அலைநீளத்தில் ஒளிர்கின்றன. ஆகவே ஆல்ககாலில் கலந்துள்ள நீரை நிறமாற்றத்தைக் கொண்டே அறிய இவை உதவுகின்றன.