இறந்தோர் உடை: முத்துக்குளித்துறைக் கடற்கரையில்

இறந்தோர் உடை என்பது ஒருவர் வாழ்நாளில் உடுத்தி, அவர் மறைந்த பின் வேறொருவரிடம் சென்று சேரும் துணியைக் குறிக்கும். உலகின் பல சமூகங்களில் இத்தகைய உடை கைமாறியிருக்கிறது. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தமிழ் மரபு, கத்தோலிக்கம், இஸ்லாம், டச்சுக் கப்பல் வழக்கம், ஆங்கிலேயர் சுகாதாரச் சட்டம் ஆகிய அனைத்தும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அதனால் இறந்தவரின் துணி யாரிடம் போகும், அதை வாங்குபவர் என்ன மதிப்புப் பெறுவார் என்பதற்கு இங்கே பல விடைகள் ஒரே நேரத்தில் நிலவின. இவ்விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், தீட்டு என்பது துணியைப் பொறுத்து அமையவில்லை, அதைப் பெறும் ஆளின் சமூக நிலையைப் பொறுத்தே அமைந்தது என்பது தெரியவரும்.

கோடியும் பழந்துணியும்

தென்மாவட்டங்களில் ஒரு சாவு வீட்டில் இரண்டு வகைத் துணிகள் உண்டு. ஒன்று கோடி. உறவினர்கள் கொண்டுவந்து உடல் மீது போர்த்தும் புதுத்துணி இது. பிறந்த வீட்டுக் கோடிக்கும் சம்பந்தி வீட்டுக் கோடிக்கும் முறை தவறினால் மனத்தாங்கல் பல ஆண்டுகள் நீடிக்கும். இக்கோடிகள் பெரும்பாலும் சுடுகாட்டில் வெட்டியானுக்குச் சேரும். மற்றொன்று இறந்தவர் படுத்திருந்த பாய், தலையணை, கடைசியாக உடுத்தியிருந்த துணிமணி. இவை வண்ணாருக்கு உரியவை. இது தானமாகக் கருதப்படவில்லை. பந்தலில் வெள்ளை கட்டுவது, பாடை போகும் வழியில் மாற்று விரிப்பது, தீட்டுத்துணி வெளுப்பது ஆகிய வேலைகளுக்கான கூலியில் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு. பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவை, சரிகை வேட்டி, கம்பளிச் சால்வை போன்றவை வெளியே போவதில்லை. மகளோ மருமகளோ எடுத்துக்கொள்வார்கள். பட்டுக்குத் தீட்டில்லை என்று சொல்லப்படும் வழக்கு இங்கே மிகவும் வசதியாக அமைந்துவிடுகிறது. நூல்துணிக்கு ஒட்டும் தீட்டு விலையுயர்ந்த துணிக்கு ஒட்டாதது ஏன் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

காயல்பட்டினம் போன்ற இஸ்லாமிய ஊர்களில் கணக்கு வேறு. இறந்தவருக்குக் கஃபன் எனும் தையலற்ற வெள்ளைத்துணி அணிவிக்கப்படும். அவர் உடுத்திய உடைகள், வீடு நிலம் போலவே, அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேரும். வாரிசுகள் பகிர்ந்து உடுத்தலாம், விரும்பினால் ஏழைக்குக் கொடுக்கலாம். அத்துணி அசுத்தமானது என்ற கருத்து மார்க்கச் சட்டத்தில் இல்லை.

கன்னிக்கு வைத்த துணி

திருமணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டிலேயே வழிபடுவது திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் பரவலான வழக்கம். ஓலைப்பெட்டியிலோ மரப்பெட்டியிலோ பாவாடையும் சட்டையும், வளையலும் வைத்து ஆண்டுதோறும் படையல் இடுவார்கள். பெட்டியில் இருக்கும் துணி இறந்தவளுடையது என்பதே நம்பிக்கை. புதுத்துணி வைத்ததும் முன்பு படைத்ததை வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு உடுத்தக் கொடுப்பதும் உண்டு. வடமாவட்டங்களில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வழிபடுவது இதற்கு நெருங்கிய மரபு. இறந்தவளின் துணியை உடுத்துவது இங்கே பாதுகாப்பாகிறது. அதே வீட்டில் பாட்டி படுத்த பாய் மட்டும் அன்றே வெளியே போயாக வேண்டும்.

சவேரியாரின் கடற்கரை

பரவர்கள் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் கத்தோலிக்கம் தழுவினர். 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து, தூத்துக்குடி, மணப்பாடு முதலிய ஊர்களில் தமிழில் செபங்கள் கற்பித்தார். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரத்துச் சான்சியான் தீவில் காலமானார். அவரது உடல் மலாக்கா வழியாக 1554இல் கோவா வந்தடைந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை வழக்கில் புனிதரின் உடற்பகுதி முதல்தரத் திருப்பண்டம், அவர் உடுத்திய உடை இரண்டாம் தரத் திருப்பண்டம் ஆகும். இவ்வழக்கு இக்கரைக்கு வந்தபோது ஊர்மரபு கற்பித்ததற்கு நேர்மாறான ஒன்று உள்ளே நுழைந்தது. இறந்தவர் உடலில் கிடந்த துணியைத் தொட்டு முத்தமிடலாம், நூலிழை கிடைத்தாலும் பேறு என்றாயிற்று. ஆனால் இப்புதிய மதிப்பு புனிதரின் துணிக்கு மட்டுமே கிடைத்தது. மதம் மாறிய ஊர்களிலும் வண்ணார் வண்ணாராகவே நீடித்தனர்.

பாய்மரத்தடி ஏலம்

1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றியது. முத்து, சங்கு, துணி ஆகியவற்றுக்காகவே அவர்கள் வந்தனர். இடையிடையே கைமாறி, 1825இல் ஊர் இறுதியாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1750இல் டச்சுக்காரர் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அக்கம்பெனியின் பெயர்ச்சுருக்கம் வி.ஓ.சி. என்பதால், துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்ட ஊரில் புதிதாக வருவோர் சற்றுக் குழம்புவதுண்டு.

அக்கம்பெனிக் கப்பல்களில் மாலுமியோ சிப்பாயோ நடுக்கடலில் இறந்தால் ஓர் உறுதியான நடைமுறை இருந்தது. உடல் கடலில் விடப்பட்ட பின் அவரது பெட்டி திறக்கப்பட்டு, உள்ளிருந்தவை பட்டியலிடப்படும். பிறகு பாய்மரத்தடியில் கப்பலாட்கள் கூட, சட்டை, கால்சட்டை, கம்பளித் தொப்பி, காலணி என்று ஒவ்வொன்றாக ஏலம் விடப்படும். கையில் காசு தேவையில்லை. எடுத்தவரின் சம்பளக் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, இறந்தவரின் கணக்கில் வரவு வைக்கப்படும். ஊரிலுள்ள மனைவியோ தாயோ மீதியைக் கேட்டுப் பெறலாம். இக்கணக்குகள் எழுதப்பட்ட சம்பளப் பேரேடுகள் ஆயிரக்கணக்கில் ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. ஆங்கிலேய, அமெரிக்கக் கப்பல்களிலும் இதே வழக்கம் இருந்தது. ரிச்சர்ட் ஹென்றி டானா என்ற அமெரிக்கர் 1840இல் வெளியிட்ட தம் கடற்பயண நூலில், கடலில் விழுந்து மறைந்த இளைஞனின் துணிகள் அப்படி ஏலம் போனதை எழுதியிருக்கிறார்.

நேற்றுவரை பக்கத்துத் தொங்குபடுக்கையில் உறங்கியவனின் சட்டையை இன்று உடுத்துவது எளிதாக இருந்திருக்காது. ஆயினும் மாற்றுத்துணி வேறு வழியில் கிடைக்காத மாதக்கணக்கான பயணம் அது. மேலும் கொடுக்கும் விலை செத்தவன் வீட்டுக்குப் போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இறந்தோர் உடைக்கு வாங்கியவர் விலை கொடுத்து, அந்த விலை இறந்தவரின் குடும்பத்துக்குச் சேர்ந்தது இவ்வரலாற்றில் இந்த ஓரிடத்தில்தான். துணியை வாங்கியதால் எவரும் தாழ்ந்தவர் ஆகவும் இல்லை.

அதில் இருந்த ஆபத்து அப்போது முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. கப்பற்காய்ச்சல் என அஞ்சப்பட்ட டைபஸ் நோயை உடைப்பேன் பரப்புகிறது என்று 1909இல் தூனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் நிறுவினார். நோயாளிகள் மருத்துவமனை வாசலில் துணி களைந்து குளிப்பாட்டப்பட்ட பின் பிறருக்கு நோய் தொற்றவில்லை, ஆனால் அவர்களின் துணியைக் கையாண்டவர்களுக்குத் தொற்றியது என்பதே அவருக்குக் கிடைத்த துப்பு. இதற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார். காய்ச்சலில் இறந்தவனின் சட்டையை ஏலத்தில் எடுத்தவன் பேனையும் சேர்த்தே எடுத்தான் என்பது இதனால் விளங்கும்.

தட்டப்பாறை முகாம்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதும் உடுத்திய துணி உலகெங்கும் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. 1897இல் வெனிஸ் நகரில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு பயன்படுத்திய உள்ளாடை, உடை, படுக்கை, கந்தல் ஆகியவற்றை நோய் சுமக்கும் பொருள்களாக வகைப்படுத்தியது. தூத்துக்குடி அப்போது இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழ்க் கூலிகள் கப்பலேறும் துறை. அருகிலுள்ள தட்டப்பாறையில் இலங்கை அரசின் தனிமை முகாம் இயங்கியது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் பாதை திறந்த பின் அப்பணி மண்டபம் முகாமுக்கு மாறியது. இம்முகாம்களில் மனிதர்களோடு அவர்களின் மூட்டை முடிச்சுகளும் நோய்நீக்கம் செய்யப்பட்டன. முதல் வகுப்புப் பயணியின் பெட்டிக்கு இவ்வளவு கெடுபிடி இருக்கவில்லை. பழைய தீட்டு புதிய பெயருடன் வந்தது என்று சொன்னால் முழுக்கச் சரியாகாது. கிருமி உண்மை. ஆயினும் அது யார் துணியில் தேடப்பட்டது என்பதில் பழைய பழக்கம் தெரிகிறது.

புதிரை வண்ணார்

வண்ணார் பிற சாதியினருக்கு வெளுத்தனர். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்கு வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். புரத வண்ணார், வடமாவட்டங்களில் துரும்பர் என்றும் அழைக்கப்பட்டனர். பிள்ளைப்பேறு, பூப்பு, மாதவிலக்கு, சாவு ஆகியவற்றின் துணிகளை வெளுப்பது இவர்கள் கடமை. கூலி பணமாகக் கிடைத்தது அரிது. மாலையில் வீடுவீடாக எடுக்கும் சோறும், அறுவடைக் களத்துத் தானியமும், சாவு வீட்டுத் துணியுமே வருமானம். இறந்தவரின் துணியை உடுத்துவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. உடுத்த வேறு துணி வாங்கக் காசு புழங்கவே இல்லை.

1932 டிசம்பரில் தி இந்து நாளிதழில் வெளிவந்த ஒரு செய்தி இவர்களைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்னது. அப்போது தூத்துக்குடியையும் உள்ளடக்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் புரத வண்ணார் பகலில் வெளியே வர அனுமதிக்கப்படவில்லை. அவர்களைப் பார்த்தாலே தீட்டு என்பதால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே துணி வெளுத்தனர். பேட்டிக்காக அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரவழைப்பதே பெரும்பாடாக இருந்ததாம். மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் இச்செய்தியை இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் எடுத்தாண்டதால் இது உலகறிந்த சான்றாயிற்று. தீண்டாமைக்கு அடுத்த படியாகக் காணாமை என்ற ஒன்றும் இருந்தது என்பதற்கு இன்றும் இதையே காட்டுவர்.

இவர்களின் வாழ்வை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல். அதன் நாயகி ஆரோக்கியம் ஒரு வண்ணாத்தி. ஊர்ச்சோறும் களத்துமேட்டுத் தானியமும் குறையக் குறைய அக்குடும்பம் படும் பாட்டை நாவல் சொல்கிறது. இழிவான வேலை ஒழிவது நல்லது, ஆனால் வேறு வேலை இல்லாதவருக்கு அது பட்டினி என்ற இக்கட்டு அதில் உண்டு. 2009இல் தமிழக அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. புதிரை வண்ணார் பட்டியல் சாதியினர். வண்ணாரோ பெரும்பாலான மாவட்டங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பெயர் ஒற்றுமையால் பழைய பதிவுகளில் 'வண்ணார்' என்று மட்டும் எழுதப்பட்ட குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்காக இன்னும் அலைகின்றன.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கை மறைவில் இருந்த தூத்துக்குடிக் கரை பெருமளவு தப்பியது. நாகப்பட்டினமும் கடலூரும் பேரழிவைச் சந்தித்தன. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. மீனவ மக்கள் அதை உடுத்த மறுத்தனர். சாலையோரங்களில் மலைபோலக் குவிந்து மழையில் நனைந்து கிடந்த துணிகளின் படங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. கிடைத்ததை வாங்க மாட்டார்களா என்று சிலர் சலித்துக்கொண்டனர். முன்தினம் வரை தன் உழைப்பில் உண்டவர்கள், யார் உடுத்தியது, அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துணியை, அதுவும் கிழிந்ததை, ஏன் வாங்க வேண்டும்? சாவு வீட்டுத் துணியை யார் வாங்குவார் என்பதை அறிந்த சமூகம் அது. வாங்கினால் தாம் யாராகக் கருதப்படுவோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அத்துணிகளில் பெரும்பங்கைக் கூஞ்ச் என்ற தில்லி அமைப்பு பொறுப்பேற்றுப் பிரித்தது. அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய அமைப்பு இது. 2015இல் அவர் மகசேசே விருது பெற்றார். தில்லியில் கேட்பாரற்ற பிணங்களை எடுக்கும் தொழிலாளி ஒருவருக்கு உடலுக்கு 20 ரூபாயும் இரண்டு மீட்டர் வெள்ளைத் துணியும் கிடைத்ததைப் பார்த்ததே தம் பணிக்குத் தூண்டுதல் என்று அவர் கூறியுள்ளார். தேறிய பருத்தித் துணிகள் தைத்துச் சுத்தம் செய்யப்பட்டு, மாதவிடாய்க்கால அணையாடைகளாகவும் மாற்றப்பட்டன.

ஆப்பிரிக்காவில் இதே கேள்விக்கு மக்கள் ஒரு பெயரால் விடை கண்டனர். கானாவில் மேலைநாட்டுப் பழந்துணிக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். இறந்துபோன வெள்ளைக்காரரின் துணி என்பது பொருள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருப்பவர் யாரும் கழிக்க மாட்டார் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர் அது. இந்தியாவில் பிறர் உடுத்திய துணியை இறக்குமதி செய்து விற்க உரிமம் வேண்டும். காண்ட்லாவின் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் அவை தரம் பிரிக்கப்பட்டு மீண்டும் ஏற்றுமதியாகின்றன. வெட்டிச் சிதைத்த கம்பளித் துணி பானிப்பட்டில் நூலாகிப் போர்வையாகிறது. தூத்துக்குடித் தெருக்களில் பழைய பட்டுப்புடவை வாங்குபவரும், பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவரும் வருகிறார்கள். பட்டுக்குச் சரிகையின் எடை பார்ப்பார்கள், நூல்துணிக்குக் கிழிசல் பார்ப்பார்கள். உடுத்தியவர் இருக்கிறாரா என்று அவர்கள் கேட்பதில்லை.