பாதியில் நிற்கும் வீடுகள்: நிர்மாணத்துறை ஆய்வுகள் எமக்குச் சொல்வது என்ன?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியை அண்டிய உட்கிராமங்களில் இன்றும் இரண்டு வகையான வீடுகளைக் காணலாம். பூச்சு முடித்து, வர்ணம் அடித்து, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் ஒரு வகை. சுவர் எழும்பி, கூரை ஏறாமல், கம்பிகள் துருப்பிடித்தபடி நிற்கும் வீடுகள் இன்னொரு வகை. இரண்டாவது வகை வீட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு தகரக் கொட்டில் இருக்கும். குடும்பம் அதற்குள்தான் இருக்கும்.

ஒரே கிராமம், ஒரே திட்டம், ஒரே உதவித்தொகை. ஆனால் ஒரு வீடு முடிந்தது, மற்றது முடியவில்லை. காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "காசு காணாது" என்பது ஒன்று. "மேசன் ஏமாத்திப்போட்டான்" என்பது மற்றது. அதிகாரிகளிடம் கேட்டால் மூன்றாவது பதில் கிடைக்கும்: "பயனாளிக்கு அக்கறை இல்லை."

யுத்தம் முடிந்த பின்னர் சில வருடங்கள் வன்னியில் ஒரு வீட்டுத்திட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தேன். இந்த மூன்று பதில்களையும் பலதடவை கேட்டிருக்கிறேன். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிர்மாண முகாமைத்துவம் என்ற ஆய்வுத்துறை கடந்த பல தசாப்தங்களாகச் சொல்லிவரும் விடயம் வேறு. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பெரிய கட்டடங்களைப் பற்றியவை. ஆனாலும் 550 சதுர அடி வீட்டுக்கும் அவை அப்படியே பொருந்துகின்றன.

பழைய முறைப்பாடு

நிர்மாணத்துறையைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு புதியதல்ல. ஐக்கிய இராச்சியத்தில் 1944இல் சைமன் அறிக்கையும் 1964இல் பான்வெல் அறிக்கையும் ஏறத்தாழ ஒரே குறையைச் சொல்லின. வரைபவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர், காசு கொடுப்பவர் மற்றொருவர். இவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

1960களில் லண்டனின் டாவிஸ்டொக் நிறுவகம் கட்டட வேலைத்தளங்களை ஆராய்ந்தது. கட்டட வேலை இயல்பாகவே நிச்சயமற்றது, ஒவ்வொருவரின் வேலையும் அடுத்தவரின் வேலையில் தங்கியிருக்கிறது, ஆனால் ஒப்பந்தங்கள் எல்லாம் முன்கூட்டியே நிச்சயமானவை போல எழுதப்படுகின்றன என்பதே அதன் முக்கிய கருத்து.

1994இல் சேர் மைக்கல் லேதம் தந்த அறிக்கை இதைப் பணத்தோடு இணைத்தது. மேலே இருப்பவர் காசைத் தாமதிக்கும்போது, கீழே இருக்கும் சிறிய துணை ஒப்பந்தகாரரே முதலில் நொறுங்குகிறார். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1996இல் ஒரு சட்டம் வந்தது. நீண்ட வேலைகளுக்குக் கட்டங்கட்டமாகப் பணம் பெறும் உரிமையை அது தந்தது. "எனக்குக் காசு வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற நிபந்தனையைப் பொதுவாகச் செல்லுபடியற்றதாக்கியது. பிணக்குகளை 28 நாட்களில் தீர்க்கும் நடுவர் முறையையும் கொண்டுவந்தது.

1998இல் சேர் ஜோன் ஈகனின் அறிக்கை வெளியானது. மோட்டார் வாகனத் தொழிற்துறையிலிருந்து வந்த அவர், தரப்படுத்தலையும் தொழிற்சாலையில் பாகங்களைத் தயாரிப்பதையும் வலியுறுத்தினார். அதே அறிக்கை வாடிக்கையாளரின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் அடிப்படை விதிகளில் ஒன்றாக வைத்தது. இந்த இரண்டாவது பகுதியை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் 2016இல் கண்டோம். அதைப் பின்னர் பார்ப்போம்.

ஏழு நிபந்தனைகள்

பின்லாந்து ஆய்வாளர் லௌரி கொஸ்கெலா 1992இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் பார்வையை மாற்றியது. கட்டட வேலையில் நாங்கள் சுவர் கட்டும் நேரத்தை மட்டும் கணக்கிடுகிறோம், வேலைகளுக்கு இடையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை என்றார் அவர். பணமும் நாட்களும் கரைவது அந்தக் காத்திருப்பில்தான்.

ஒரு வேலை தொடங்குவதற்கு ஏழு விடயங்கள் ஒரேநேரத்தில் தயாராக இருக்கவேண்டும் என்று அவர் பின்னர் விளக்கினார். வரைபடமும் தகவலும், பொருட்கள், வேலையாட்கள், உபகரணங்கள், இடம், முன்னைய வேலை முடிந்திருத்தல், காலநிலை போன்ற வெளிச்சூழல் ஆகியவையே அவை.

இதில் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது. ஏழில் ஒவ்வொன்றும் தயாராக இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலைமைதான். ஆனால் ஏழும் ஒன்றாகக் கூடிவருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 70 மட்டுமே. ஒவ்வொன்றின் வாய்ப்பும் 80 ஆகக் குறைந்தால், ஏழும் கூடிவருவது நூற்றுக்கு 21 தடவைதான். வன்னியில் ஒரு வீட்டுக்காரரின் நிலைமை இரண்டாவது கணக்குக்கே நெருக்கமானது.

அமெரிக்காவில் கிளென் பலார்ட், கிரெக் ஹவல் ஆகிய இருவரும் 1990களில் வேலைத்தளங்களுக்குப் போய் ஓர் எளிய அளவீட்டைச் செய்தார்கள். இந்த வாரம் முடிப்போம் என்று சொன்ன வேலைகளில் எத்தனை உண்மையில் முடிந்தன? நன்றாக நடத்தப்படும் வேலைத்தளங்களிலும் ஏறத்தாழ பாதியளவே முடிந்திருந்தன. தொழிலாளர் சோம்பலாக இருந்ததற்கு அதில் சிறு பங்குதான். பொருள் வரவில்லை, முன்னைய வேலை முடியவில்லை, தகவல் கிடைக்கவில்லை என்பவையே பெரிய காரணங்கள். ஆகவே தயாராகாத வேலையை வாராந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், முடியாமல் போனதற்கான காரணத்தை எழுதி வையுங்கள், வேலையைச் செய்பவரையும் திட்டமிடலில் சேருங்கள் என்று அவர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள்.

வீட்டுக்காரியே ஒப்பந்தகாரர்

எங்கள் வீட்டுத்திட்டங்களில் பெரும்பாலானவை உரிமையாளர் வழி நிர்மாணம் என்ற முறையில் நடந்தவை. இலங்கைக்கு இது புதியதல்ல. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தில், அரசு தானே கட்டிக்கொடுப்பதை விட்டு, கட்டுபவருக்குக் கடனும் ஆலோசனையும் கொடுக்கும் முறைக்கு மாறியது. சுனாமிக்குப் பின்னர் முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது.

யுத்தத்துக்குப் பின்னர் வந்த மிகப்பெரிய திட்டம் இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்கு கிழக்கில். முதல் 1,000 வீடுகள் ஒப்பந்தகாரரால் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில், ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா பயனாளியின் வங்கிக்கணக்குக்கே நேரடியாக, தவணைகளாக வந்தது.

இந்த முறை சிறந்தது என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. 2001 ஜனவரியில் குஜராத்தில் ஏற்பட்ட பூமியதிர்ச்சிக்குப் பின்னர் பல முறைகளில் வீடுகள் கட்டப்பட்டன. ஜெனிபர் டியூன் பேரன்ஸ்டைன் அவற்றை ஒப்பிட்டு 2006இல் ஆய்வு வெளியிட்டார். தாங்களே பொறுப்பெடுத்துக் கட்டிய மக்கள் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். வேறிடத்தில் ஒப்பந்தகாரர் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கே திருப்தி மிகக்குறைவாக இருந்தது.

ஆனால் இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. உரிமையாளர் வழி நிர்மாணத்தில் பிரதான ஒப்பந்தகாரர் மறைந்துவிடுவதில்லை. அந்த வேலை வீட்டுக்காரரின் தலையில் இறங்குகிறது. கொழும்பில் ஒரு பொறியியலாளரும் கணக்காளரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து பார்க்கும் வேலையை, முகாமிலிருந்து திரும்பி வந்து, கூலிவேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் ஒரு தாய் தனியே பார்க்கவேண்டும்.

தருமபுரம் பக்கம் ஓர் அக்கா எனக்குச் சொன்னது இது: "தம்பி, மணல் இருக்கேக்க மேசன் இல்லை. மேசன் வரேக்க மணல் முடிஞ்சிடும். ரெண்டும் இருந்தா மழை." கொஸ்கெலாவின் ஏழு நிபந்தனைகளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தவணைக்கும் வேலைக்கும் இடையில்

தவணை முறையில் ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த காசு வரும். முடிப்பதற்கோ கையிலிருக்கும் காசு காணாது. இடையில் உத்தியோகத்தர் வந்து பார்க்கவேண்டும், அறிக்கை போகவேண்டும், வங்கிக்குக் காசு வரவேண்டும். அந்த இடைவெளியில் மேசன் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்கும் அடுப்பெரிய வேண்டும். திரும்பி வரும்போது அவர் கேட்கும் கூலி கூடியிருக்கும்.

பல கிராமங்களில் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான அத்திவாரங்கள் வெட்டப்பட்டன. மணல் விலை ஏறியது. மணல் அனுமதிப்பத்திரம் எடுக்க அலைய வேண்டியிருந்தது. கூரை மரத்துக்கும் அதே நிலைமை. பிறகு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. உதவித்தொகை மாறவில்லை, செலவு மாறிக்கொண்டே போனது.

அந்த இடைவெளியை நிரப்பியது நகை அடைவும் வட்டிக்கடனும்தான். கடனைச் சுட்டிக்காட்டிய ஆய்வுகள் பின்னர் வந்தன. ஆனால் கடனை மக்களின் ஆடம்பரம் என்று விளங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். வீட்டைப் பெரிதாக்கிக் கடன்பட்டவர்கள் உண்டு. அதே அளவு வீட்டைக் கட்டி, காத்திருப்புக்காகவே கடன்பட்டவர்களும் ஏராளம். துணைக்கு ஆள் இல்லாத பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் வயோதிபர்களும் மாற்றுத்திறனாளிகளும் இதில் கூடுதலாக அடிபட்டார்கள். கல் சுமக்கவும் குழைக்கவும் குடும்ப உழைப்பு இருக்கும் என்பது திட்டத்தின் எடுகோள். யுத்தம் அந்த உழைப்பையே பல வீடுகளிலிருந்து பறித்திருந்தது.

2019 இறுதியில் ஆட்சி மாறிய பின்னர், முன்னைய அரசின் வீடமைப்புத் திட்டங்களில் தவணைகள் நின்றுபோய்ப் பல குடும்பங்கள் அரைகுறைச் சுவர்களோடு விடப்பட்டன. 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவுக்கு விற்ற சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் 2,500 ரூபாவைத் தாண்டியது. 2019இல் ஒருவர் இழந்த ஒரு தவணையின் உண்மைப் பெறுமதியை இதிலிருந்து கணக்கிடலாம்.

உருக்கு வீடு தந்த பாடம்

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆர்சலர்மிட்டல் நிறுவனம் வழங்கவிருந்த அந்த வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. விரைவாகப் பொருத்தலாம் என்பதே அதற்கான பிரதான வாதம்.

அத்திவாரம், வெப்பம், காற்றோட்டம், ஆயுட்காலம் பற்றிப் பொறியியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். பழுதானால் ஊர் மேசனாலோ ஓடாவியாலோ திருத்தமுடியாது என்றார்கள். அதே காசில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்ற கணக்கையும் முன்வைத்தார்கள். கடும் எதிர்ப்பின் பின்னர் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

காத்திருப்பே பிரச்சினை என்றால் தொழிற்சாலை வீடு அதைத் தீர்க்காதா என்று சிலர் கேட்பது நியாயமானது. ஒரு பகுதியைத் தீர்க்கும். ஆனால் கல்வீட்டுக்குச் செலவாகும் காசின் ஒரு பங்கு கல் அரிபவர், மேசன், ஓடாவி, உழவு இயந்திரக்காரர் என்று ஊருக்குள்ளேயே சுற்றும். உருக்கு வீட்டில் அது வெளியே போய்விடும். முடிவெடுக்கும் உரிமையும் கூடவே போய்விடும். தவணையை ஒரு கிழமைக்குள் அனுப்புவதன் மூலமும் மணலை மொத்தமாக ஒழுங்குசெய்வதன் மூலமும் குறைக்கக்கூடிய காத்திருப்புக்கு, இரண்டு மடங்கு விலையில் மருந்து தேவையில்லை.

அடுத்த திட்டம் வரும்போது

2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை இயங்குகிறது. ஒப்பந்தகாரரைப் பதிவுசெய்வதும் தரப்படுத்துவதும் அதன் வேலைகளில் அடங்கும். தன் வீட்டைத் தானே கட்டும் குடும்பமோ அந்த ஏற்பாடுகளுக்கு வெளியேதான் நிற்கிறது. ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் சில விடயங்களைத் தாங்களே கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.

கட்டம் முடிந்ததாக அறிவித்த நாளிலிருந்து எத்தனை நாட்களில் காசு வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். முதல் தவணை அத்திவாரத்தை உண்மையில் முடிக்கக் காணுமா என்று அன்றைய விலையில் கணக்குப் பாருங்கள். பத்துப் பதினைந்து வீடுகள் ஒன்றாகச் சேர்ந்து மணலுக்கும் சீமெந்துக்கும் சொல்லுங்கள். மழைக்கு முன் கூரை ஏறமுடியாது என்றால் அத்திவாரத்தை எப்போது தொடங்குவது என்று முதலே யோசியுங்கள். மேசனோடு பேசிய கூலியை, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். வேலை நின்ற ஒவ்வொரு நாளும் ஏன் நின்றது என்பதை அதே கொப்பியில் ஒரு வரியில் எழுதுங்கள்.

கடைசியாகச் சொன்னது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கிராமத்தின் ஐம்பது கொப்பிகள் ஒன்றாகப் பிரதேச செயலகத்தின் மேசைக்குப் போனால், "பயனாளிக்கு அக்கறை இல்லை" என்ற பதிலை இலகுவில் சொல்லமுடியாது. எத்தனை நாள் காசுக்காக, எத்தனை நாள் மணலுக்காக, எத்தனை நாள் உத்தியோகத்தரின் வருகைக்காக அந்த வீடு காத்திருந்தது என்பது திகதியோடு அதில் இருக்கும்.