கயிற்று நுனியில் ஒரு குரங்கு

ஜோகூரின் கோத்தா திங்கியிலிருந்து மாவாய் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போகிறவர் கண்ணில் இன்று பெரும்பாலும் படுவது செம்பனைதான். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தில் காடு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது. செடிலி பெசார், செடிலி கெச்சில் என்ற இரண்டு ஆறுகளும் மழைக்காலத்தில் கரை தாண்டும். தேநீர் நிறத்துத் தண்ணீர், அதிலிருந்து முட்டுக்கால் போட்டு எழும் வேர்கள், முள் பிடித்த தாழை. நடுவே, தலையை எவ்வளவு அண்ணாந்தாலும் உச்சி தெரியாத மரங்கள்.

1930களில் அந்தச் சதுப்பில் திரும்பத் திரும்ப அலைந்தவர் இ. ஜே. எச். கார்னர். 1906இல் பிறந்த ஆங்கிலேயர். 1929இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார். உண்மையில் அவருடைய படிப்பு காளான். ஆனால் 1924இல் திறந்த பாலத்தைக் கடந்தால் அந்தப் பக்கம் ஜோகூர்க் காடு. அதைப் பார்த்துவிட்ட தாவரவியலாளர் காளானோடு நின்றுவிடுவது கடினம்.

அவருக்குத் தொல்லை கொடுத்தது உயரம். மெராந்தி, கெருயிங் போன்ற மரங்கள் நாற்பது, ஐம்பது மீட்டர் வளரும். முதல் கிளையே இருபது மீட்டருக்கு மேலேதான் பிரியும். பூவும் காயும் கையில் இல்லாமல் மரத்துக்குப் பெயர் சொல்ல முடியாது. இலையை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னால் பாதி ஊகம்தான். அந்தப் பூவும் ஆண்டுதோறும் வராது. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஒரு பருவத்தில் காடு முழுக்க ஒன்றாகப் பூக்கும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் மறுபடி எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. தரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினால் பாதி எறும்பு தின்றது, மீதி எந்த மரத்துடையது என்று தெரியாதது. துப்பாக்கியால் கிளையைச் சுட்டு விழவைத்தவர்கள் உண்டு. கோடரியால் மரத்தையே சாய்த்தவர்களும் உண்டு. ஒரு கொத்துப் பூவுக்காக இருநூறு வயது மரத்தை வெட்டுவது அறிவியலா என்ற கேள்வி அன்றைக்கும் இருந்திருக்கும்.

இதற்கு விடை கிளந்தான் தென்னந்தோப்புகளில் ஏற்கெனவே இருந்தது.

மேற்குக் கரையில், பத்து பகாட், பொந்தியான் பக்கம், நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டித் தேங்காயை அறுப்பது வழக்கம். கிளந்தானிலும் திரங்கானுவிலும் அந்த வேலை குரங்குக்கு. மலாய்க்காரர்கள் பெரோக் என்று அழைக்கும் பன்றிவால் குரங்கு அது. குட்டை வால், அகன்ற மார்பு. வளர்ந்த ஆண் பத்துக் கிலோவைத் தாண்டும். குட்டியிலேயே பிடித்துப் பழக்குவார்கள். முதல் பாடம் தரையில்: கட்டி வைத்த தேங்காயைக் குரங்கின் கையைப் பிடித்துச் சுற்றவைப்பார்கள். காம்பு முறுகி அறும்வரை திருப்ப வேண்டும் என்பது அதற்குப் புரிந்த பிறகுதான் மரம். கழுத்தில் வார், வாரில் நீளமான கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஆள். முற்றிய காய்க்கும் இளநீருக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுப்பதில்தான் பழக்குகிறவரின் திறமை தெரியும். கை தேர்ந்த ஆண் குரங்கு ஒரே நாளில் ஆயிரம் காய்க்கு மேல் தள்ளும் என்பார்கள்.

மனிதன் பழம் பறிக்கக் குரங்கைக் கூப்பிட்டது நேற்றைய சங்கதி அல்ல. எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓவியத்தில், அத்தி மரத்தில் பபூன்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை பறிக்கின்றனவா, திருடித் தின்கின்றனவா என்பது பார்ப்பவர் மனசைப் பொறுத்தது.

1937 வாக்கில் கார்னர் கிளந்தான் பெரோக்குகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். தேங்காய் பறிக்கத் தெரிந்த குரங்குக்குக் கிளை ஒடிக்கவும் கற்றுக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. குரங்கு மேலே போகும்; கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் மலாயில் கூப்பிட்டு, இந்தப் பக்கம் அல்ல அந்தப் பக்கம் என்பார்; குரங்கு ஒடித்துப் போடும். மரம் அப்படியே நிற்கும். மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கொடியும் ஆர்க்கிட்டும்கூடக் கைக்கு வரும். சஞ்சீவியை அடையாளம் தெரியாமல் மலையையே பெயர்த்துக் கொண்டுவந்த அனுமன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே குரங்கு மூலிகையை அடையாளம் காண வேண்டியதே இல்லை. அதைப் பார்க்கும் கண் தரையில் நின்றது. குரங்கு கொடுத்தது கையும் காலும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் விஞ்ஞானியின் சாமர்த்தியத்தை வியப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் முக்கால்வாசி வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. குரங்குக்கு எந்தச் சொல் புரியும், எப்போது பசி, எப்போது கோபம், கயிறு கிளையில் சிக்கினால் எப்படித் திரும்பி வரச் சொல்வது என்பதையெல்லாம் கண்டுபிடித்தது கிளந்தான் கிராமத்துக்காரன். உலர்த்தி ஒட்டிய தாவரத் தாளில் சேகரித்தவர் பெயரும் எண்ணும் எழுதுவது உலக வழக்கம். கயிறு பிடித்தவனுக்கு அங்கே கட்டம் கிடையாது.

பெரோக் சாதுவான பிராணி அல்ல என்பதையும் கார்னர் தெரிந்துகொண்டார். ஜப்பானியப் படை நெருங்கிய காலத்தில் அவருடைய குரங்குகளில் ஒன்றே அவர் கையைக் கடித்துக் குதறிவிட்டது. அந்தக் கையோடு தொண்டர் படையில் துப்பாக்கி தூக்க முடியவில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது அவர் போர்க்கைதி ஆகவில்லை. ஹிதேசோ தனகதாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரின் கீழ் பூங்காவையும் அருங்காட்சியகத்தையும் காக்கும் வேலையில் இருந்தார். எதிரிக்கு ஒத்துழைத்தார் என்ற பேச்சு அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது. ஒரு குரங்குக் கடியிலிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டது பாருங்கள்.

போரோடு குரங்குச் சேகரிப்பு முடிந்தது. 1955இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் வெளியீட்டில் அதைப் பற்றி எழுதினார். 1992இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, தாவரவியல் குரங்குகள் என்று ஒரு புத்தகமே போட்டார். தென் ஜோகூர்ச் சதுப்புக் காட்டைப் பற்றிய அவருடைய நூல் வந்தது 1978இல். அதற்குள் அந்தக் காட்டின் பெரும்பகுதி மரமாகவும் பலகையாகவும் போய்விட்டிருந்தது.

பெரோக்கின் பிழைப்பும் இன்று சுலபமாக இல்லை. தாய்லாந்தில் குரங்கை வதைத்துத் தேங்காய் பறிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2020இல் பிரிட்டன் கடைகள் சில அந்நாட்டுத் தேங்காய்ப் பாலை அலமாரியிலிருந்து எடுத்தன. அதே தாய்லாந்தின் சூராட் தானியில் அடிக்காமல் பழக்க வேண்டும் என்று சொன்ன குரங்குப் பள்ளியும் 1957 முதல் நடந்திருக்கிறது, இரண்டும் உண்மை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பெரோக் வளர்க்க முடியாது. 2022இல் இந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. காட்டை இழந்த குரங்குகள் செம்பனைக்குள் வருகின்றன, விரட்டுகிறார்கள். பேராக்கின் செகாரியில் அவற்றைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் சொன்னது வேறு: அவை தின்னும் பழத்தைவிட எலிகள் செய்யும் சேதம் பெரிது, அந்த எலிகளைப் பெரோக்குகள் மட்டை இடுக்கிலிருந்து இழுத்துத் தின்கின்றன.

கிளந்தானில் இப்போதும் சில வீடுகளில் இந்தத் தொழில் இருக்கிறது. காலையில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் குரங்கு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆள் வண்டியைக் கிளப்புகிறார்.